வந்து குடியேறிய ஊரை வரைவது: சுற்றுலாப் படமாகிவிடாமல் எப்படி?

ஈசூன்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடி. கல்யாணமாகி சிங்கப்பூர் வந்து எட்டு வருஷம் ஆகிறது. ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன் நீச்சல் வகுப்பில் இருக்கும் நேரத்தில் நான் நோட்டை எடுத்துக்கொண்டு ஈரச்சந்தைக்குப் போய்விடுவேன். மை பேனாவால் கோடு, மேலே லேசாக நீர்வண்ணம். காய்கறிக் கடை, கோழி வெட்டுகிறவர், கோப்பிக் கடையில் பேப்பர் படிக்கும் தாத்தாக்கள், புளோக்கின் கீழ்த்தளத்தில் பூனைகளுக்குச் சோறு வைக்கும் பாட்டி என்று நாலு நோட்டு நிரம்பிவிட்டது.

போன மாதம் படம் வரைகிறவர்கள் கூடுகிற ஓர் இடத்தில் நோட்டைக் காட்டினேன். ஒரு பெரியவர் நிதானமாகக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். "கோடு நன்றாக வருகிறதம்மா. ஆனால் விமான நிலையத்தில் விற்கிற தபால் அட்டை மாதிரி இருக்கிறது. இங்கே குடியிருக்கிறவர் வரைந்த மாதிரித் தெரியவில்லை" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். அன்பாகச் சொன்னார், அதனால் இன்னும் உள்ளேயே கிடக்கிறது.

அவர் நிறுத்திப் பார்த்த பக்கம் மீன்கடை. அந்த மீன்காரரை மட்டும் மூன்று ஞாயிறு வரைந்தேன். சீனர், எழுபது வயது இருக்கும். ரப்பர் பூட்ஸ், கழுத்தில் துண்டு. தூணுக்குப் பின்னால் நின்றுதான் வரைவேன், கேட்கக் கூச்சம். மூன்றாவது ஞாயிறு அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நோட்டை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் அந்த வரிசைப் பக்கமே போகவில்லை.

மன்னார்குடியில் ஹரித்ராநதிக் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து எத்தனையோ பேரை வரைந்திருக்கிறேன். ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை. இங்கே தேசியக் கலைக்கூடத்தில் ஓவியர் ஜார்ஜெட் சென் தன்னைத் தானே வரைந்த படத்தைப் பார்த்திருக்கிறேன். அவரும் வெளியிலிருந்து வந்தவர்தானே? அவர் மாதிரி ஆட்கள் வந்த ஊரின் அன்றாட வாழ்க்கையை எப்படி வரைந்தார்கள்? எத்தனை வருஷம் இருந்தால் ஓர் ஊரை வரையலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சித்திர டீச்சர் எழுதியது:

தங்கச்சி, நான் இங்கேயே பிறந்தவள். உயர்நிலைப் பள்ளியில் 31 வருஷம் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றிருக்கிறேன். நீங்கள் சொன்ன அந்தப் படத்துக்கு முன்னால் வருஷா வருஷம் பிள்ளைகளைக் கூட்டிப்போய் நிறுத்தியவள். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் படத்தின் அளவு. உயரம் 22.5 சென்டிமீட்டர், நம் கணக்கில் ஒரு சாண். அகலம் 17.5. அவ்வளவு பெயர் வாங்கிய படம் பள்ளிக்கூட நோட்டைவிடச் சற்றே பெரிது. கழுத்து வரை ஏறிய காலருள்ள சியோங்சாம் என்ற சீன உடை, இழுத்துக் கட்டிய முடி. கண் நம்மைப் பார்க்கிறது, ஆனால் ஒன்றும் சொல்வதில்லை. சுமார் 1946-ல் வரைந்தது. அப்போது அவர் சிங்கப்பூர்க்காரரே இல்லை.

1906-ல் வசதியான சீனக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா கலைப்பொருள் வியாபாரி, சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட்-சென்னுக்குப் பண உதவி செய்தவர். பாரிஸ், நியூயார்க், ஷாங்ஹாய் என்று வளர்ந்து படித்தார். 1930-ல் யூஜீன் சென்னைக் கல்யாணம் செய்துகொண்டார். யூஜீன் சென் டிரினிடாடில் பிறந்து சீனாவின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். ஜப்பானியர் காலத்தில் இரண்டு பேரும் வீட்டுக்காவலில் இருந்தார்கள். 1944-ல் கணவர் இறந்துபோனார். அந்தப் படம் அதற்குப் பிந்தியது. அந்த முகம் ஏன் அவ்வளவு இறுகியிருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

1951-ல் பினாங்கு, 1953-ல் சிங்கப்பூர். வயது 47-ஐ நெருங்கிவிட்டது. நீங்கள் வந்தபோது உங்களுக்கு எத்தனை வயது என்று யோசித்துப் பாருங்கள்! அடுத்த வருஷமே நன்யாங் நுண்கலைக் கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்து, கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கே இருந்தார். சிக்லாப்பில் வீடு. 1982-ல் கலாசாரப் பதக்கம். 1993-ல் இங்கேயே காலமானார்.

சரி, இதெல்லாம் எங்கேயும் கிடைக்கும். உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

பாரிஸ் நாட்களில், 1928-30 வாக்கில், அவர் வரைந்த ஒரு படத்தில் வெட்டிய ஆப்பிளும் ஆரஞ்சும் இருக்கின்றன. மேசைமேல் பழம் வைத்து வரைவது அங்கே எல்லாரும் கற்றுக்கொள்கிற பாடம், பிரெஞ்சு ஓவியர் செசான் போட்ட பாதை. இங்கே வந்தபிறகும் அதே மேசை, அதே பாடம். மேசைமேல் மட்டும் ரம்புத்தானும் டுரியானும் வந்து உட்கார்ந்தன. 'இனிய ரம்புத்தான்' 1965, 'வெப்பமண்டலப் பழங்கள்' 1969. இடையில் பௌர்ணமிப் பண்டிகைக்கு மேசையில் பரப்பிய பலகாரங்களையும் வரைந்தார். வந்த புதிதில் ஒரு தடவை அதிசயமாக வரைந்துவிட்டு விட்டுவிடவில்லை. வந்து பன்னிரண்டு வருஷம், பதினாறு வருஷம் கழித்தும் ரம்புத்தான் அவர் மேசையில் இருந்தது. சந்தைக்குப் போய் வாங்கி, வரைந்து, பிறகு சாப்பிட்டிருப்பார் என்றே எனக்குத் தோன்றும்.

ரம்புத்தானில் ஒரு விஷயம் சொல்லட்டுமா? ஒவ்வொரு வருஷமும் பருவத்தில் காம்போடு ஒரு கொத்து வாங்கி வகுப்பில் வைப்பேன். பிள்ளைகள் எல்லாரும் முதலில் சிவப்பைத்தான் எடுப்பார்கள். உருண்டை வரைந்து, சிவப்பைப் பூசி, மேலே நாலு முடி இழுத்துவிட்டு முடித்துவிட்டோம் என்பார்கள். அந்த முடியின் நுனியைப் பாருங்கள் என்பேன். அன்றைக்குப் பறித்த பழத்தில் நுனி இளம்பச்சை. மறுநாள் மத்தியானம் நுனி கறுக்கத் தொடங்கும், முடி துவளும். மூன்றாம் நாள் சுருண்டு தவிட்டு நிறம். எங்கள் அம்மா தேக்கா சந்தையில் கொத்தைத் திருப்பி நுனியைப் பார்த்துத்தான் விலை கேட்பார். வெளியூர்க்காரருக்குச் சிவப்பு கண்ணில் படும். வாங்கிச் சாப்பிடுகிறவருக்குப் பச்சை நுனி கண்ணில் படும். உங்களுக்கு ஒருவர் சொன்ன 'தபால் அட்டை' என்பது இந்தச் சிவப்புதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. ஜார்ஜெட் சென் இங்கே வந்தபிறகு மலாய் படித்தார். சும்மா சந்தைக்கு வேண்டிய நாலு வார்த்தையோடு நிற்கவில்லை, சரளமாகப் பேசுகிற அளவுக்குப் படித்தார். தனக்கு ஒரு மலாய்ப் பெயரும் வைத்துக்கொண்டார்: செண்டானா. அவருடைய சென் அதற்குள்ளேயே இருக்கிறது. மலாயில் அதற்கு அர்த்தம் சந்தனம். நம் சந்தனமேதான், கடல் தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கிறது. இதை முதலில் தெரிந்துகொண்ட அன்று எனக்கு அவர் மேல் தனிப் பிரியமே வந்துவிட்டது.

1963-ல் அவர் வரைந்த 'ரோஹானி' என்ற படம் கலைக்கூடத்தில் இருக்கிறது. அவரிடம் படித்த மலாய் மாணவியின் உருவம். தலைப்பைக் கவனியுங்கள். 'மலாய்ப் பெண்' என்று வைத்திருக்கலாம், அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் அப்படித்தான் வைத்தார்கள். இவர் அந்தப் பெண்ணின் பெயரை வைத்தார்.

தங்கச்சி, மூன்று ஞாயிறு ஒருவரை வரைந்திருக்கிறீர்கள். அவர் பெயர் என்ன?

கரித்துண்டு எழுதியது:

டீச்சர் எழுதியதைப் படித்து ரம்புத்தான் வாங்கப் போகலாமா என்றே தோன்றியது. ஆனாலும் ஒரு விஷயத்தில் நான் ஒத்துப்போக முடியாது.

நான் கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். ஊர் அறந்தாங்கி பக்கம், வந்து 11 வருஷம். கரித்துண்டில் மட்டும்தான் வரைவேன், சிமெண்டு மூட்டைக் காகிதத்தில்கூட. ஜார்ஜெட் சென் படங்களை நானும் பார்த்திருக்கிறேன். அழகுதான். ஆனால் அந்தப் படங்களில் யாருக்கும் வியர்க்கவில்லை. 1961-ல் 'கிழக்குக் கரை வியாபாரி' என்று ஒரு படம் வரைந்தார். அதே 1961 மே 25-ல்தான் புக்கிட் ஹோ ஸ்வீ குடிசைப் பகுதியில் தீ. சுமார் 16,000 பேர் ஒரே நாளில் வீடில்லாமல் போனார்கள். அந்த ஊர்தானே இது?

அதே போல 1952-ல் லியு காங், சென் சோங் ஸ்வீ, சென் வென் ஸி, சியோங் சூ பியெங் நாலு பேரும் பாலித் தீவுக்குப் போய் வரைந்து வந்து கண்காட்சி வைத்தார்கள். இங்கே வந்த சீன ஓவியர்கள் வளர்த்த நன்யாங் ஓவியம் என்றாலே அந்தப் பயணத்தைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். என் கண்ணுக்கு அது போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்களின் படம்.

எனக்குப் பிடித்தவர் சுவா மியா டீ. அவரும் வந்தவர்தான், 1937-ல் சீனாவிலிருந்து, ஆறு வயதுப் பிள்ளையாக. 1956-ல் தொடங்கிய பூமத்தியரேகைக் கலைச் சங்கத்தின் ஆள். அவர்கள் உழைக்கிறவர்களை உழைக்கிறவர்களாகவே வரைந்தார்கள். அவருடைய 'தேசிய மொழி வகுப்பு' 1959. மேசையைச் சுற்றி மலாய் படிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். கரும்பலகையில் இரண்டு கேள்வி: "சியாப்பா நாமா காமு? டி மானா அவாக் திங்கால்?" உன் பெயர் என்ன, நீ எங்கே குடியிருக்கிறாய். கலைக்கூடத்தின் சிங்கப்பூர்ப் பகுதிக் காட்சிக்கே அந்த முதல் கேள்வியைத்தான் பெயராக வைத்தார்கள். 1974-ல் தொழிலாளர்கள் சாப்பிடுகிற இடத்தை வரைந்தாரே, அதன் முன்னால் நான் அரை மணி நேரம் நின்றேன். சோற்றுக்கு முன்னால் உட்காரும்போது முதுகு எப்படி வளையும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

சகோதரி, என் படங்களை யாரும் தபால் அட்டை என்று சொன்னதில்லை. நான் பெரிய ஆள் என்பதற்காகச் சொல்லவில்லை. நான் வரைகிறவர்கள் என்னோடு லாரியில் வருகிறவர்கள், ஒரே அறையில் தூங்கினவர்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா புல்வெளியில் ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருக்கும்போது வரைவேன். பேசும்போது ஒருவர் முகமும் நிற்காது. மகள் லைனில் வந்தால் ஒரு முகம், கடன்காரர் வந்தால் ஒரு முகம். ஆனால் கால் நிற்கும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் புல்லில் கட்டைவிரலால் கோடு போட்டுக்கொண்டே பேசுவார்கள். நான் காலைத்தான் முதலில் வரைவேன்.

எத்தனை வருஷம் என்று கேட்டீர்கள். வருஷம் கணக்கில்லை. நீங்கள் நிற்கிற இடம் தூணுக்குப் பின்னாலா முன்னாலா என்பதுதான் கேள்வி.

பினாங்குப் பையன் எழுதியது:

நான் படம் வரையத் தெரியாதவன், பார்க்க மட்டும் பிடிக்கும். ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

கரித்துண்டு அண்ணன் சொன்ன நாலு பேரில் ஒருவர் சியோங் சூ பியெங். சீனாவின் சியாமனில் பிறந்து 1946-ல் சிங்கப்பூருக்கு வந்தவர். சிங்கப்பூர் 50 வெள்ளி (டாலர்) நோட்டின் பின்பக்கத்தில் கருவாடு காயவைக்கிற படம் இருக்கிறதே, அது அவர் 1978-ல் வரைந்தது. அவர் வந்து மூன்றே வருஷத்தில், 1949-ல், வரைந்த ஒரு படத்தின் தலைப்பு 'இரண்டு மாடுகளுடன் இந்திய ஆண்கள்'.

எங்கள் தாத்தா பினாங்கில் மாடு வைத்து வீடு வீடாகப் பால் ஊற்றியவர். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கமும் மாட்டுத் தொழில் நம் ஆட்கள் கையில்தான் இருந்தது. தேக்கா பக்கத்தில் எருமையின் பெயரில் இன்னும் ஒரு தெரு இருக்கிறது. தாத்தாவின் போட்டோ எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்தில் மாட்டுக்காரரை யார் போட்டோ எடுப்பார்கள்? கப்பலில் வந்து இறங்கி மொழி புரியாமல் நின்ற ஒரு சீன வாத்தியார் அவர்களை மாதிரி ஆட்களைப் பார்த்து, இது வரைய வேண்டியது என்று நினைத்திருக்கிறார். அந்தத் தலைப்பை முதலில் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அதனால் அக்கா, வந்தவர் கண்ணுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இங்கேயே இருப்பவர்கள் தினமும் தாண்டிப் போகிறதை நீங்கள் நின்று பார்க்கிறீர்கள். அந்த நாலு நோட்டையும் பத்திரமாக வையுங்கள்.

சித்திர டீச்சர் எழுதியது:

கரித்துண்டு தம்பி, வியர்வை பற்றி நீங்கள் சொன்னது சரி. நானே வகுப்பில் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். தீயில் வீடு போனவர்களில் என்னோடு பிறகு வேலை பார்த்த ஒரு டீச்சரின் குடும்பமும் உண்டு. ஜார்ஜெட் சென்னுக்கு அழகைப் பார்த்த கண். அவ்வளவு இழந்த பிறகும் அழகைப் பார்க்க முடிந்ததே என்று நான் அவரை மதிக்கிறேன். அதற்காக உங்கள் சுவா மியா டீயை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். உங்கள் கால் படங்களை இங்கே போட முடியுமா? கட்டைவிரலால் கோடு போடுவதை நான் இத்தனை வருஷம் கவனித்ததே இல்லை.

பினாங்குத் தம்பி, உங்கள் தாத்தா பற்றி இன்னும் எழுதுங்கள்.

ஈசூன்வாசி எழுதியது (மூன்று வாரம் கழித்து):

டீச்சர், அண்ணன், தம்பி, மூன்று பேருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், கேட்டுவிட்டு வந்து எழுதலாம் என்று இருந்தேன். இரண்டு ஞாயிறு சந்தை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். நேற்றுத்தான் உள்ளே போனேன்.

கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து நேராகக் கடைக்கு முன்னால் போய் நின்று, "அங்கிள், உங்களை வரைந்தேன், மன்னிக்க வேண்டும், பார்க்கிறீர்களா" என்று நோட்டை நீட்டினேன். கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார். பெயர் கேட்டேன், சொன்னார். அதை இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். என் பெயரையும் கேட்டார். இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, சரியாக வந்ததும் தலையாட்டினார்.

அன்றைக்கு ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். தூணுக்குப் பின்னால் நின்று நோட்டில் குறிப்பெடுப்பதைப் பார்த்து, சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்தாராம். அன்று அவர் ஏப்ரன் கட்டவில்லையாம். இத்தனை நாளும் அவருக்கு என்மேல் கோபம் என்று நினைத்து நான் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

அப்புறம் படத்தைத் திருத்தினார், டீச்சர். நான் மீன்களைத் தலை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று போட்டிருந்தேன், பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று. அவர் தட்டைக் காட்டினார். தலையெல்லாம் ஒரே பக்கம், வாங்குகிறவர் பக்கம். ஐஸ் கட்டியைச் சரிவாக ஏற்றி, மீன் கொஞ்சம் நிமிர்ந்து படுத்திருக்கிற மாதிரி அடுக்கியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். ஒரு வாவல் மீனை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். வெள்ளி வளையம், நடுவில் கறுப்பு, மேலே கண்ணாடி மாதிரி தெளிந்து புடைத்த கண். "ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்துக்கு ராத்திரி 2 மணிக்குப் போய் எடுத்து வருகிறேன். வாங்குகிறவர்கள் கண்ணைத்தான் பார்க்கிறார்கள். நீ ஒரு மீனுக்கும் கண் போடவில்லையே" என்றார்.

புரட்டிப் பார்த்தேன். மூன்று ஞாயிறு, ஒன்பது படம், ஒரு மீனுக்கும் கண் இல்லை. பக்கவாட்டில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. மன்னார்குடியில் அம்மாவோடு மீன் வாங்கப் போகும்போது நானும் செவுளைத் தூக்கி, கண்ணைப் பார்த்துத்தானே வாங்குவேன்! நோட்டைக் கையில் எடுத்தால் அது எப்படி மறந்துபோகிறது என்று தெரியவில்லை. டீச்சர் சொன்ன பச்சை நுனிதான் அப்போது நினைவுக்கு வந்தது.

மலாயில் அதற்குப் பெயர் பாவால் என்றார். நாங்கள் வாவல் என்போம் என்றேன். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துச் சிரித்தார். இரண்டு மீன் வாங்கினேன். விலை குறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு வந்தால் தூண் பக்கம் நிற்காதே, அங்கே தண்ணீர் தெறிக்கும், இந்தப் பெட்டிமேல் உட்கார் என்று ஒரு கவிழ்த்த பெட்டியைக் காட்டினார்.

இப்போது ஒரு தொழில் சந்தேகம். ராத்திரி உட்கார்ந்து அந்தக் கண்ணை வரைந்து பார்த்தேன். அந்த ஈரப் பளபளப்பு வரவில்லை. வெள்ளைச் சாயத்தால் புள்ளி வைத்தால் செத்த மீனாகிவிடுகிறது.

சித்திர டீச்சர் எழுதியது:

வெள்ளைச் சாயத்தைத் தொடாதீர்கள். தாளின் வெள்ளைதான் உங்களுக்கு இருக்கிற நல்ல வெள்ளை. கண்ணை வரையும் முன்பே அந்தப் பளபளப்பு எங்கே விழும் என்று பென்சிலால் கடுகளவு குறித்துவிட்டு, கடைசி வரை அந்த இடத்தில் சாயம் படாமல் காப்பாற்றுங்கள். கறுப்பை டியூபிலிருந்து எடுக்க வேண்டாம், கருநீலத்தில் கொஞ்சம் பழுப்பு கலந்தால் ஆழம் வரும். வெள்ளி வளையத்துக்கு ஐஸின் நிழலுக்குப் போட்ட அதே நீலத்தை நிறையத் தண்ணீர்விட்டு ஒரே இழுப்பு, திரும்பத் தொடக் கூடாது. வளையம் முழுசாகச் சுற்றி வரவேண்டாம், மேல் பக்கம் கொஞ்சம் விட்டுவிடுங்கள்.

ஒரு கண்ணை மட்டும் பெரிதாக ஒரு பக்கத்தில் பத்துத் தடவை போட்டுப் பாருங்கள். சீக்கிரம் போங்கள், 7 மணிக்கு முன்னால் மீனின் கண் இன்னும் தெளிவாக இருக்கும்.